தண்டம் விழுந்தவர்

தண்டனைக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டனையிலிருந்து தப்பித்து ஓடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் தனக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது, கிடைத்தே தீர்ந்திருக்கிறது, இல்லையென்று சொல்ல நீ யார் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டைக்கு வருகிற ஓர் இனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், உங்களுக்குத் தெரிந்தவர்களில் சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கிற யாரிடமாவது போய், "என்ன சார், சைட் எப்படிப் போகுது?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். நேரமாகும்.

இவர்தான் தண்டம் விழுந்தவர். பெயர் நான் வைத்ததல்ல, அவரே சூட்டிக்கொண்டது. "நம்ம சைட்டுக்குத் தண்டம் போட்டுட்டாங்க" என்பார். யார் போட்டது? தேடுபொறிக்காரர்கள். எதற்காக? அதுதான் தெரியவில்லையாம். எப்போது? திடீரென்று. தண்டம்தான் என்று எப்படித் தெரியும்? இங்கே உங்களை மேலும் கீழும் பார்ப்பார். காய்ச்சலில் கொதிக்கிறவனிடம் போய் உனக்குக் காய்ச்சல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டீர்களே! தண்டம் என்றால் அபராதம், தண்டனை. அந்தச் சொல்லுக்கு நம் வீடுகளில் அன்றாடம் வழங்குகிற இன்னொரு பொருளும் உண்டு. பிறகு அதற்கு வருகிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். காலையில் கண் விழித்ததும் மனைவி முகத்தில் விழிக்க மாட்டார், பிள்ளைகள் முகத்தில் விழிக்க மாட்டார், தேடுபொறியின் முகத்தில்தான் விழிப்பார். அதில் தன் கடையையோ தன் கம்பெனியையோ தன் கவிதைகளையோ தேடுவார், தேடியது முதல் பக்கத்தில் வந்தால் "ம்" என்பார், வராவிட்டால் இரண்டாம் பக்கம் போவார், மூன்றாம் பக்கம் போவார், பல் தேய்க்காமல், பால் பொங்குகிற சத்தம் காதில் விழாமல், மனித நடமாட்டமே இல்லாத பதினோராம் பக்கம் வரைக்கும் போய்விட்டு, அங்கேயும் இல்லையென்று கண்டு, போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "எவனோ வேலை பாத்துட்டான்" என்று முனகுவார். அதன் பிறகுதான் அன்றைய பொழுது விடியும்.

"நேத்து வரைக்கும் முதல் பக்கத்துல இருந்தேன்" என்பது இவருடைய தேசிய கீதம். எந்த நேற்று என்று கேட்டுவிடாதீர்கள். நான் மூன்று வருஷமாக ஒருவரிடம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்றுதான் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இவரிடம் நீங்கள் நல்லெண்ணத்தோடு ஒன்று சொல்லலாம். "ஐயா, இதைத் தெரிந்துகொள்ள மந்திரவாதி தேவையில்லை. தேடுபொறிக்காரர்களே சைட் வைத்திருக்கிறவர்களுக்கென்று ஓர் இலவசப் பக்கம் வைத்திருக்கிறார்கள். உங்கள்மேல் அவர்கள் நடவடிக்கை எடுத்திருந்தால் அதிலேயே எழுதியிருப்பார்கள். எடுக்கவில்லையென்றால் அதையும் சொல்லிவிடுவார்கள். பார்த்துவிட்டு நிம்மதியாக வேலையைக் கவனியுங்கள்." இப்படிச் சொன்னால் உங்களுக்கு நன்றி கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா? அவர் அதை எப்போதோ பார்த்துவிட்டார். அங்கே ஒரு பச்சை நிற டிக் போட்டு, "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த அன்றிலிருந்துதான் அவருக்குத் தூக்கமே போயிற்று.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தண்டம் விழ வேண்டுமானால் யாராவது நம்மைப் பார்த்திருக்க வேண்டும். பெரிய இடத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யார் இந்த ஆள்? இவ்வளவு வேகமாக முன்னேறுகிறானே, தட்டி வை" என்று சொல்லியிருக்க வேண்டும். பச்சை டிக் என்ன சொல்கிறது? உங்களை யாரும் தட்டவில்லை, தட்டுவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை என்கிறது. தண்டனையைத் தாங்கலாம். இதை எப்படித் தாங்குவது? அதனால்தான் இந்த இனம் பச்சை டிக்கைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்குகிறது.

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். என் கைவசம் ஒரு மாதிரி இருக்கிறது. நான் தேடிப்போய்ப் பிடித்ததல்ல, குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. என் அக்கா வீட்டுக்காரர்.

அக்காவும் அத்தானும் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கிறார்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. பின்பகுதியில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெட்டு மேசை, அதை ஒட்டி இரண்டு தையல் மெஷின், சுவரோரம் துணி உருளைகள், ஆணியில் மாட்டிய அளவு நாடா, இவற்றுக்கு நடுவே வாயில் குண்டூசிகளோடு அக்கா. முன்பகுதியில் கண்ணாடிக் கதவு, வாடிக்கையாளர் உட்கார ஒரு சோபா, சுழலும் நாற்காலி, கம்ப்யூட்டர், இவற்றுக்கு நடுவே அத்தான். ஜன்னலை அளக்கப் போவது அக்கா, துணி வெட்டுவது அக்கா, தைப்பது அக்கா, ஏணியில் ஏறி மாட்டுவதும் அக்கா. அத்தான் "ஆன்லைன் பக்கம்" பார்த்துக்கொள்கிறார்.

அந்த ஆன்லைன் பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். திறந்ததும் ஒரு சூரிய உதயம். ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்து, கையைக் கட்டிக்கொண்டு அத்தான். அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிற முழங்கை அக்காவுடையது. அதன் கீழே, "சிறந்த திரைச்சீலை தேடுவோர்க்குச் சிறந்த திரைச்சீலைகளைச் சிறந்த முறையில் வழங்கும் சிறந்த திரைச்சீலை நிலையம்" என்று தொடங்கி, மனித குலம் திரைச்சீலையைக் கண்டுபிடித்த வரலாறு. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற மாதிரி போன் நம்பர். "நம்பரைப் பெருசாப் போட்டா சீப்பா இருக்கும்" என்பது அத்தானின் கொள்கை. இன்னொரு கொள்கையும் உண்டு. ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் "ஜன்னலுக்கு ஸ்கிரீன்" என்றுதான் சொல்கிறார்கள், அப்படித்தான் தேடவும் செய்வார்கள். அந்தச் சொல் அவருடைய சைட்டில் ஓர் இடத்தில்கூட இல்லை. அது கொச்சையாம்.

ஒருநாள் அத்தான் புது போன் வாங்கினார். பழைய போனை அக்காவுக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் படுக்கையில் கிடந்தபடியே புது போனில் "சிறந்த திரைச்சீலை நிலையம்" என்று அடித்தார். கடை முதல் பக்கத்தில் இல்லை. பதினோராம் பக்கத்திலும் இல்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அன்று விடுமுறை. என் வீட்டுத் திரையின் ஓரம் பிரிந்திருந்தது, தைத்து வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாம்மா. விஷயம் தெரியுமா? நம்மள முடிச்சுட்டாங்க."

"யாரு அத்தான்? என்னாச்சு?"

"சைட்டுக்குத் தண்டம் போட்டுட்டாங்க. நேத்து வரைக்கும் முதல் பக்கம், முதல் இடம். இன்னைக்கு ஆளையே காணோம். புது போன் வாங்கின மறுநாளாப் பாத்து அடிச்சிருக்கான் பாரு, என்ன ஒரு கொடுமை!"

பின்பகுதியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. "என் போன்ல இருக்கேங்க" என்று அக்காவின் குரல் வந்தது. அத்தான் ஓடினார். நானும் பின்னால் போனேன். அக்காவின் கையில் இருந்த அந்தப் பழைய போனில், சூரிய உதயத்தோடு, முதல் பக்கத்தில் முதல் ஆளாகக் கடை ஜம்மென்று இருந்தது.

"வந்துருச்சு! தண்டத்தை எடுத்துட்டாங்க!" என்று அத்தான் ஒரு குதி குதித்தார். தன் புது போனில் பார்த்தார். இல்லை. பழையதில் பார்த்தார். இருக்கிறது. புதியதில் இல்லை. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "உன் போன்ல பாரும்மா" என்றார். பார்த்தேன். என்னுடையதிலும் இல்லை.

"அய்யோ, உன் போனுக்கும் பரவிருச்சா!"

நான் பொறுமையாகச் சொன்னேன். "அத்தான், அந்தப் பழைய போன்ல நீங்க தினமும் நம்ம சைட்டைத் தேடி, தினமும் அதையே தொறந்து பாத்தீங்க. இந்த ஆளுக்கு இதுதான் பிடிக்குது போலன்னு அது உங்களுக்கு முதல்ல எடுத்து வச்சுது. அவ்வளவுதான். புது போனுக்கு உங்க பழக்கம் இன்னும் தெரியாது. என் போன்ல போன வருஷமும் வரல. ஒரு சிநேகிதிக்கு அட்ரஸ் அனுப்பத் தேடிப் பாத்து, கிடைக்காம அக்காவுக்குப் போன் பண்ணித்தான் வாங்கினேன்."

அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டாள். "அப்போ நாம அதுல எப்பவுமே இல்லையா?"

இதுதான் கேள்வி. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனாக இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்திருப்பான், நம்பரைப் பெரிதாகப் போட்டிருப்பான், ஸ்கிரீன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பான், துணியைத் தூக்கி வைக்கப் பெண்டாட்டிக்கு ஒரு கை கொடுத்திருப்பான். நான் சொன்னேனே, இது தனி இனம். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இது டெக்னிக்கல்" என்று சொல்லிவிட்டுச் சுழலும் நாற்காலிக்குப் போனார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக்கு அப்போது ஆர்டர் குறைந்திருந்ததா? இல்லவே இல்லை. அக்காவுக்கு நிமிர நேரமில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அத்தானுக்குத்தான் அது கண்ணில் படவில்லை. வந்தவர்களை "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று சோபாவில் உட்கார வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் ஏன் வருவதில்லை என்று கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார்.

தண்டம் விழுந்தவருக்குத் தனிமை ஆகாது. அவருக்கு ஒரு நிபுணர் வேண்டும். இந்த நிபுணர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. யாராவது ஒருவர் "எனக்குத் தண்டம்" என்று வாய் திறந்து சொன்னால் போதும், அடுத்த தெருவிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்து நிற்பார். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிற நிபுணரை இதுவரை யாரும் கண்டதில்லை. அத்தானுக்கு வாய்த்தவர் தன்னை "சைட் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டார். வந்தார், நாடி பிடிப்பதுபோல் மௌஸைப் பிடித்தார், பச்சை டிக்கைப் பார்த்தார், தலையை மெதுவாக ஆட்டினார்.

"இது மேலுக்குத் தெரியாத தண்டம் சார்."

அத்தான் முகத்தில் அன்று வந்த ஒளியை அவருடைய கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"அப்படியா! எதனால டாக்டர்?"

"கெட்ட சகவாசம் சார். உங்க சைட்டுக்கு வேற சைட்டுகள்ல இருந்து லிங்க் குடுத்திருப்பாங்க. மட்டமான இடத்துல இருந்து லிங்க் வந்தா, நீங்களும் மட்டம்னு முடிவு பண்ணிருவாங்க. அதையெல்லாம் வெட்டி விடணும்."

இப்படி ஒரு சங்கதி உலகத்தில் இல்லாமல் இல்லை. கூலி கொடுத்துப் போலி லிங்க்குகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவர்கள் மாட்டிக்கொண்டு முழித்ததுண்டு. அத்தானுடைய சைட்டுக்கு இந்தப் பரந்த உலகத்திலிருந்து வந்திருந்த லிங்க்குகள் மொத்தமே இரண்டு. ஒன்று, வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைக்கும் தைலம் விற்கிற ஏதோ ஒரு சைட். இன்னொன்று, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் சைட். இரண்டில் எது கெட்ட சகவாசம்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

அத்தான் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆராய்ந்தார். தைல சைட் பளபளவென்று இருந்தது. கறுத்துச் சுருண்ட முடியோடு ஓர் ஆள் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தான். சங்கத்தின் சைட்டோ சங்கச் செயலாளரம்மா தன் கையாலேயே செய்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பொழுதுபோகச் செய்திருந்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துகள், அவற்றில் சில கண் சிமிட்டும். லிஃப்ட் ஓடாது என்று ஓர் அறிவிப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள், காணாமல் போன பூனை, அந்தப் பூனை கிடைத்துவிட்ட செய்தி. இவற்றுக்கு நடுவே செயலாளரம்மா எழுதியிருந்தார்: "ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைக்க வேண்டுமா? இந்தக் கடைக்குப் போங்கள். அந்த அம்மா தானே வந்து அளவெடுப்பார். சொன்ன நாளில் தருவார். எங்கள் வீட்டில் ஒரு தையலும் பிரியவில்லை."

கீழே லிங்க்கும், கடையின் போன் நம்பரும். நம்பரைப் பெரிதாகவே போட்டிருந்தார்.

"பாத்தீங்களா டாக்டர், இந்தக் குப்பைதான்!" என்றார் அத்தான். "ஸ்கிரீனாம், ஸ்கிரீன்!"

தைலத்தோடு சகவாசம் தொடர்ந்தது. செயலாளரம்மாவுக்குக் கடிதம் பறந்தது. அதை அத்தான் எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் பெருமையோடு படித்துக் காட்டினார். தங்கள் தரமற்ற இணையதளத்தில் எங்கள் நிறுவனத்தைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றிருப்பதால் எங்கள் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டுள்ளது, அதை உடனடியாக நீக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார். புகழ்ந்தவரை வழக்குப் போட்டுவிடுவேன் என்று மிரட்டியவர் வரலாற்றில் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். செயலாளரம்மா "சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு, அன்றே குறிப்பை எடுத்துவிட்டார். இதில் எதுவும் அக்காவுக்குத் தெரியாது. ஆன்லைன் பக்கம் அவளுடைய பக்கம் இல்லையே!

போன் அடிப்பது குறைந்தது. பிறகு நின்றது. கண்ணாடிக் கதவு மூடியபடியே இருந்தது. கையில் இருந்த ஆர்டர்களை அக்கா தைத்து முடித்தாள், மாட்டிவிட்டு வந்தாள், மெஷினைத் துடைத்தாள், துணி உருளைகளை நிறவாரியாக அடுக்கினாள், பிறகு அடுக்கியதைக் கலைத்து அகலவாரியாக அடுக்கினாள். ஒரு மாலையில் நான் போனபோது வெட்டு மேசையை அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா மேசையை அளக்கறே?"

"வீட்டு வாசல்ல நுழையுமான்னு பாக்கறேன். நுழையாது. கடையைக் காலி பண்ணினா இதை யாருக்காவது குடுத்துட வேண்டியதுதான். மெஷினை மட்டும் கொண்டு போயி, வேற கடைக்காரங்க குடுக்கற துணியை வாங்கி வீட்ல உக்காந்து தைக்கணும்." நாடாவைச் சுருட்டினாள். "இந்த மேசை இல்லாம எனக்கு வெட்ட வராதுடி."

சொல்லிவிட்டு மேசையின் ஓரத்தைக் கையால் தடவினாள். முன்பகுதியில் சுழலும் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் பக்கம் திரும்பியது. அதில் இருந்தவர் சோகமாகவா இருந்தார்? நீங்கள் இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றுமே புரிந்துகொள்ளவில்லை.

"இப்ப என்ன சொல்றே? அப்பவே சொன்னேன்ல, தண்டம்னு!"

உண்மையில் அன்றுதான் அவர் ஜெயித்தார். கடையில் ஈ காக்கை இல்லை. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? பச்சை டிக் பொய், மச்சினிச்சி சொன்னது பொய், வெறுங்கடைதான் நிஜம். தேடுபொறிக்காரர்களுக்கு மறுபரிசீலனை மனு ஒன்றை இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்தார். அதிலும் ஒரு சோதனை. தண்டம் பெற்றவர்கள் மட்டுமே அந்த மனுவைப் போட முடியும். தண்டம் இல்லாதவர்களுக்கு அதற்குரிய பொத்தானே வராது. "மேல்முறையீடு பண்ணணும்னா முதல்ல தீர்ப்பு குடுக்கணும்ல? தண்டத்தையும் போட்டுட்டு, போட்டதை ஒத்துக்கவும் மாட்டேங்கறான்" என்று பொருமினார். கடைசியில், எங்களுக்குத் தண்டம் விதித்ததை எழுத்துமூலம் உறுதிப்படுத்துமாறு தாழ்மையுடன் வேண்டி, கிடைத்த முகவரிக்கெல்லாம் அனுப்பினார். தனக்குத் தண்டனை கொடுக்கச் சொல்லி மனுப் போட்டவரோடு எங்கள் குடும்பத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அப்புறம் ஒருநாள் கண்ணாடிக் கதவு திறந்தது. அடுக்குமாடியிலிருந்து ஓர் அம்மா, கையில் திரைவளையம் ஒன்று கழன்ற துணியோடு வந்தார். நான் அப்போது அங்கேதான் சோபாவில் இருந்தேன்.

"அட, கடை இருக்கா! நீங்க மூடிட்டீங்கன்னுல்ல எல்லாரும் பேசிக்கறாங்க" என்றார் வந்தவர். "எங்க பிளாக்ல புதுசா நாலு குடும்பம் வந்திருக்கு. எல்லாரும் வேற எடத்துல தைக்கக் குடுத்துட்டாங்க. சங்கத்து சைட்ல இருந்து உங்க பேரை எடுத்துடுங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே? கேஸ் போடுவோம்னு வேற லெட்டராம்? செயலாளரம்மாவுக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

அக்கா துணியை வாங்கினாள், வளையத்தைத் தைத்தாள், கூலி வேண்டாமென்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பி வைத்தாள். கதவு மூடுகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"எதை எடுக்கச் சொன்னீங்க?"

அத்தான் விளக்கினார். கெட்ட சகவாசத்திலிருந்து தொடங்கி, மஞ்சள் பின்னணி, பூனை, தரம், டாக்டர் என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். இத்தனை நாள் வந்த வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் எந்தக் கட்டடத்திலிருந்து வந்தார்கள் என்பது அளவெடுக்கப் போன அவளுக்குத் தெரியாதா?

"அதனாலதான் எழுதினேன். நம்ம சைட்டுக்குத் தண்டம் விழுந்திருந்தப்போ நான் வேற என்னதான்..."

"தண்டம் சைட்டுக்கு விழலைங்க" என்றாள் அக்கா. "அதோ, நாற்காலில உக்காந்திருக்கு."

பிறகு இரண்டாவது பொருளுக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? வந்துவிட்டது.

அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகச் செயலாளரம்மா வீட்டுக்குப் போனாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. மறுநாள் அந்த மஞ்சள் பக்கத்தில் குறிப்பு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அக்காவின் சொந்த நம்பர், முன்பைவிடப் பெரிய எழுத்தில், கண் சிமிட்டிக்கொண்டு. கீழே ஒரு வரி கூடுதலாக: "அந்த அம்மாவிடம் மட்டும் பேசவும்." போன் அடிக்கத் தொடங்கியது. கடை பிழைத்தது. வெட்டு மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அத்தான் திருந்தினாரா? ஆர்டர்கள் திரும்ப வந்ததும் எனக்குப் போன் போட்டார்.

"என் மனுவை ஏத்துக்கிட்டாங்கம்மா. தண்டத்தை எடுத்துட்டாங்க!"

இப்போது குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும், பெரிய நிறுவனத்தோடு ஒற்றை ஆளாக மோதி நியாயம் வாங்கிய கதையை அவர் சொல்கிறார், சுற்றி நாலு பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். புது போனும் இத்தனை நாளில் அவருடைய பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது, காலையில் கடையை முதல் இடத்தில் எடுத்து வைக்கிறது. வேறு கடைக்காரர்கள் அவரிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். போன வாரம் ஒரு செருப்புக் கடைக்காரரின் சைட்டைத் திறந்து பார்த்து, தலையை மெதுவாக ஆட்டி, "இது மேலுக்குத் தெரியாத தண்டம்" என்றாராம். செருப்புக் கடைக்காரர் ஒளி பொங்கும் முகத்தோடு வீட்டுக்குப் போனார் என்று கேள்வி.

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத்தான் வெப்சைட்டே கிடையாதே. ஆனால் போன வாரம் நீங்கள் ஒரு படம் எடுத்துப் போட்டீர்கள். சொந்தக்காரர்கள் இருக்கிற குரூப்பிலும் போட்டீர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு தடவை போய்ப் பார்த்தீர்கள், சாயங்காலம் ஒரு தடவை பார்த்தீர்கள், அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம், "என்னன்னு தெரியல, நான் போடறது யாருக்கும் போய்ச் சேர மாட்டேங்குது, ஏதோ பண்ணி வச்சிருக்கான்" என்று சொன்னது யார்? பக்கத்தில் இருந்தவர் உங்களைப் பார்த்தாரே, ஒரு பார்வை. அவர் அப்போது மனசுக்குள் ஒரு சொல் சொல்லிக்கொண்டார். அதற்கு இரண்டு பொருள் உண்டு. எந்தப் பொருளில் சொன்னார் என்று மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தே தீருவேன் என்றால், உங்களுக்குப் பிடித்ததையே முதலில் எடுத்து வைக்கிற உங்கள் போனில் பார்க்காதீர்கள்.